மலைச்சாலையின் உணவும் மறக்கப்பட்ட அடுக்களையும்: தாப்பா முதல் பிரிஞ்சாங் வரை ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

பயணத்தையும் உணவையும் இணைத்து நோக்குவது தமிழிலக்கியத்திற்குப் புதிதன்று. பத்துப்பாட்டில் இடம்பெறும் ஆற்றுப்படை நூல்கள், பரிசில் பெற்று மீளும் கலைஞர் எதிர்வரும் கலைஞருக்கு வழி கூறும் பாங்கில் அமைந்தவை. அவற்றுள் 583 அடிகளைக் கொண்ட மலைபடுகடாம், நன்னனை நாடிச் செல்லும் கூத்தர்க்கு மலைவழியின் இடர்களோடு, வழியில் எவ்வூரில் எவ்வுணவு கிட்டும் என்பதனையும் எடுத்துரைக்கின்றது. தினையும் மூங்கிலரிசியும் ஊனும் அங்குத் தனித்த பண்டங்களாகக் கூறப்படவில்லை. அவற்றைச் சமைத்து விருந்தோம்பும் மலைவாழ் மக்களுடன் சேர்த்தே கூறப்படுகின்றன.

பகாங் மாநிலத்துக் கேமரன் மலைக்குச் செல்லும் இக்காலப் பயணிக்கும் வழிகாட்டிக் குறிப்புகள் பல உள. தானா ராத்தாவில் வாழையிலைச் சோறு, பிரிஞ்சாங்கில் ஸ்ட்ராபெரி, தேயிலைத் தோட்டத்தில் தேநீர் என அவை நிரல்படுத்தும். ஆயின், அவ்வுணவு எவரால், எச்சூழலில் இம்மலைக்கு வந்தது என்பதை அவை பெரும்பாலும் கூறுவதில்லை. தாப்பாவிலிருந்து பிரிஞ்சாங் வரையிலான சாலையில் இன்று கிடைக்கும் உணவு, இம்மலையில் உழைத்த தமிழர் வரலாற்றின் எப்பகுதியைக் காத்து நிற்கிறது, எப்பகுதியைக் கைவிட்டது என்பதை இக்கட்டுரையில் ஆராய்கிறோம்.

சாலையும் மலைவாழிடமும்

ஆங்கிலேய அரசின் நில அளவையாளர் வில்லியம் கேமரன் 1885இல் இம்மேட்டு நிலத்தைக் கண்டறிந்து குறித்தார். எனினும், 1925இல் சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் இங்கு வந்து சென்ற பின்னரே இதனை மலைவாழிடமாக வளர்க்கும் திட்டம் உருப்பெற்றது. தாப்பாவிலிருந்து மேலேறும் சாலை 1931இல் நிறைவெய்தியது. தாப்பாவுக்கும் தானா ராத்தாவுக்கும் இடைப்பட்ட தொலைவு ஏறத்தாழ 60 கிலோமீட்டர்.

இச்சாலையின் உணவில் மிகப் பழைய அடுக்கு, சாலைக்கு முன்பே இங்கு வாழ்ந்த ஓராங் அஸ்லி மக்களுடையது. லாத்தா இஸ்கண்டார் அருவியை ஒட்டிய வழியோரக் கடைகளில் அவர்கள் விற்கும் பெத்தாயும் காட்டுத் தேனும் அவ்வடுக்கின் எச்சங்களாம். சங்கப் பாடல்கள் காட்டும் குறிஞ்சி உணவுக்கு இச்சாலையில் மிக அணுக்கமானவை இவையே.

அடுத்த அடுக்கு ஆங்கிலேயருடையது. ஊட்டியையும் நுவரெலியாவையும் போன்று, வெப்பநாட்டில் பணியாற்றிய ஐரோப்பியர் தம் தாயகச் சூழலை மீட்டுருவாக்கிக்கொள்ள அமைத்த இடம் இது. 1937இல் தானா ராத்தாவுக்கும் பிரிஞ்சாங்குக்கும் இடையே எழுந்த ஸ்மோக்ஹவுஸ் விடுதி, ஆங்கில நாட்டுப்புற வீட்டின் தோற்றத்திலேயே கட்டப்பட்டது. இன்று பயணியர் விரும்பி உண்ணும் ஸ்கோனும் ஸ்ட்ராபெரி ஜேமும் இம்மரபின் வழி வந்தவை. தாயக ஏக்கம் ஐரோப்பியர்க்கு மட்டும் உரியதன்று. அதே காலத்தில் அதே மலையில் குடியேறிய தமிழ்த் தொழிலாளர்க்கும் அது இருந்தது. அவர்தம் ஏக்கத்திற்கு விடுதி எதுவும் எழவில்லை. லைன் வீட்டு அடுப்பே அதற்கு இடமாயிற்று.

தேயிலையும் தோட்டத்து அடுக்களையும்

1929இல் ஜே.ஏ. ரசல், இலங்கையில் தேயிலைப் பயிரிடலில் பட்டறிவு பெற்ற ஏ.பி. மில்னுடன் இணைந்து போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். 1933இல் பாரத் நிறுவனத்தின் தோட்டமும் தோன்றியது. இத்தோட்டங்களில் காடழித்து, நாற்று நட்டு, கொழுந்து கிள்ளியோருள் பெரும்பான்மையினர் தென்னிந்தியத் தமிழர். 1938இல் இந்திய அரசு, மலாயாவுக்கு உதவியுடன் தொழிலாளரை அனுப்புவதைத் தடை செய்தது. எனவே, இம்மலைத் தோட்டங்கள் தமிழகத்திலிருந்து கங்காணி வழியாக நேரடியாக ஆள் பெற்ற காலம் பத்தாண்டுகளுக்கும் குறைவே. அதன்பின் அவை மலாயாவில் ஏற்கெனவே இருந்த தொழிலாளரையும் அவர்தம் மக்களையுமே பெரிதும் சார்ந்திருந்தன.

இவர்களுடைய உணவின் அடிப்படை அரிசி. அதுவோ இம்மலையில் விளைவதன்று. மலாயா அன்று தன் அரிசித் தேவையில் பெரும்பகுதியைப் பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் இறக்குமதி செய்தது. அரிசி, பருப்பு, புளி, மிளகாய், கருவாடு ஆகிய யாவும் மலையடிவாரத்திலிருந்தே மேலேற வேண்டியிருந்தது. பயணிக்கு இன்பம் தரும் இதே சாலை, தொழிலாளிக்கு உயிர்நாடியாக விளங்கியது.

அந்நாடி இருமுறை இறுக்கப்பட்டது. ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் அரிசி இறக்குமதி குலைந்து, மலாயா மக்கள் மரவள்ளிக்கிழங்கையும் சர்க்கரைவள்ளிக்கிழங்கையும் நம்பி வாழ்ந்தனர். 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில், காட்டிலிருந்த கம்யூனிஸ்டுப் படையினர்க்கு உணவு சென்று சேராதிருக்க அரசு கடுங்கட்டுப்பாடு விதித்தது. அந்நடவடிக்கை நிகழ்ந்த பகுதிகளில் கடைக்காரர் டின் உணவைத் துளையிட்டே விற்க வேண்டும்; சில இடங்களில் சோறு பொது அடுக்களையில் மட்டுமே வடிக்கப்பட்டது; குடியிருப்பின் வேலியைத் தாண்டி உணவு கொண்டு செல்வது குற்றமாயிற்று. பெரட்டுக்குச் செல்லும் தொழிலாளியின் கையிலிருந்த தூக்குச்சட்டியும் ஐயத்திற்குரிய பொருளாயிற்று. மலாயா வரலாற்று நூல்கள் இதனை ஒரு போர் உத்தியாகப் பதிவு செய்துள்ளன. பகலுணவின்றி வேலைக்காட்டில் நின்ற குடும்பங்களின் நோக்கில் அது எழுதப்பட்டது மிகக் குறைவு.

ஒரு கொழுந்து, இரு தேநீர்

தேயிலை ஆலையில் கொழுந்து வாட்டப்பட்டு, உருட்டப்பட்டு, புளிக்கவைக்கப்பட்டு, உலர்த்தப்பட்ட பின் சலிக்கப்படுகிறது. சல்லடையின் கண்ணளவே இலைத்தேயிலை, துகள், தூள் என்னும் தரப்பிரிவை உண்டாக்குகிறது. கோப்பையில் தெளிவாக வடித்துப் பருகப்படுவது இலைத்தேயிலை. தூளோ விரைவில் கடுஞ்சாயம் இறங்குவது, விலை குறைந்தது. இத்தூளுடன் டின்பால் சேர்த்து, இரு குவளைகளுக்கிடையே உயர இழுத்து ஆற்றித் தருவதே தே தாரேக். இந்திய முஸ்லிம்களின் கடைகளில் வளர்ந்த இப்பானம் இன்று மலேசியர் அனைவருக்கும் பொதுவாகிவிட்டது. அக்கடைகளின் ரொட்டி சானாயும் அவ்வாறே.

சுங்கை பாலாஸ் தோட்டத்துத் தேநீரகத்தில் அமர்ந்து பள்ளத்தாக்கை நோக்கிப் பருகும் தேநீரும், தாப்பாக் கடையில் நின்றவாறு பருகும் தே தாரேக்கும் ஒரே செடி இனத்தின் இலைகள்தாம். இரண்டையும் வேறுபடுத்தியவை சல்லடையும் விலையுமே. தோட்ட வாழ்வின் சமூக அடுக்கு கோப்பையிலும் பதிந்துள்ளது என்பதற்கு இதனினும் எளிய சான்று வேண்டுவதில்லை.

இன்றைய கடைவீதி

இன்று தானா ராத்தாவிலும் பிரிஞ்சாங்கிலும் தமிழருணவகங்கள் பயணியரை ஈர்க்கின்றன. தோசையோடும் வாழையிலைச் சோற்றோடும் நானும் தந்தூரிக் கோழியும் அங்குக் கிடைக்கின்றன. பின்னவை இரண்டும் வடபுலத்து உணவு. தோட்டத்து லைன் வீடுகளில் என்றும் சமைக்கப்படாதவை. பயணியர் ‘இந்திய உணவு’ என எதிர்பார்ப்பதையே கடைகள் வழங்குகின்றன. அது வணிகத்தின் இயல்பு, குறையன்று. ஆயின் கருவாட்டுக் குழம்பும் ரசமும் கிழங்கும் கலந்த தோட்டத்து உணவு, விலைப்பட்டியலில் ஏறாததால் வரலாற்றிலும் ஏறாது போகும் நிலை உள்ளது.

இதற்குக் காலமும் துணைநிற்கவில்லை. தோட்டத் தமிழரின் வழித்தோன்றல்கள் நகரங்களுக்குப் பெயர்ந்துவிட்டனர். கொழுந்து பறிக்கும் பணியை இன்று பெரிதும் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா ஆகிய நாடுகளின் தொழிலாளர் செய்கின்றனர். கைவிரலின் இடத்தைக் கத்தரிக்கருவி பிடித்துள்ளது. சிம்பாங் பூலாய் வழியாக அமைந்த இரண்டாம் சாலையால், பயணியருள் பலர் தாப்பாச் சாலையைத் தொடாமலே பிரிஞ்சாங்கை அடைகின்றனர்.

முடிவுரை

ஆற்றுப்படைப் புலவர் உணவைக் கூறுமிடத்து அதனை இட்ட மக்களையும் கூறினார். நம்காலக் குறிப்புகள் உணவை நிறுத்திக்கொண்டு மக்களை நீக்கிவிட்டன. நீக்கப்பட்டோரை மீண்டும் சேர்ப்பது ஆய்வாளர்க்கும் தமிழாசிரியர்க்கும் உரிய பணி என்பது நம் துணிபு. அதற்குப் பெருநிதி வேண்டுவதில்லை. பெரட்டுக்கு முன் என்ன உண்டீர்கள், தூக்குச்சட்டியில் என்ன இருந்தது, சம்பள நாளில் என்ன வாங்கினீர்கள், தைப்பூசத்திற்கு என்ன சமைத்தீர்கள் என்னும் நான்கு வினாக்களுடன், கேமரன் மலைத் தமிழ்ப்பள்ளி மாணவர் தம் பாட்டியரையும் தாத்தாக்களையும் அணுகலாம். விடைகளைப் பெயர், தோட்டம், ஆண்டு ஆகியவற்றுடன் எழுதிவைத்தால் அதுவே முதன்மைச் சான்றாகும். லைன் வீடுகளில் பிறந்து வளர்ந்த தலைமுறையினர் இன்று எண்பது அகவையை நெருங்கிக்கொண்டும் கடந்துகொண்டும் உள்ளனர். இப்பணியை இன்னும் பத்தாண்டுகள் தள்ளிவைக்க இயலாது.