பெற்றோர் பரஸ்பர ஆதரவு

மாற்றுத்திறனாளிக் குழந்தைகளின் பெற்றோர், பொதுவான அனுபவத்தையே ஆதாரமாகக் கொண்டு ஒருவருக்கொருவர் அளித்துக்கொள்ளும் ஆறுதலும் யோசனையும் ஒத்தாசையும் இப்பெயரால் குறிக்கப்படும். தலை நிற்காத குழந்தையை, முகம் பின்னே சாயாதபடி மடியில் நிமிர்த்தி வைத்து, கஞ்சியைச் சிறு கரண்டியால் கொஞ்சங்கொஞ்சமாகப் புகட்டும் பக்குவத்தை, அதே சிரமத்தைக் கடந்துவந்த இன்னொரு தாய் கைபிடித்துக் காட்டும்போது அது வைத்தியர் சொல்லினும் ஆழமாக மனத்தில் பதிகிறது. "இது உன் பாபம் அல்ல" என்ற வார்த்தையும் அவள் வாயிலிருந்து வருகையில்தான் நம்பத்தக்கதாகிறது.

மூளை முடக்குவாதமுற்ற மகனின் தாயான பூனம் நடராஜன் 1985-இல் சென்னையில் தொடங்கிய ஸ்தாபனமே இன்றைய வித்யா சாகர். தென்காசியை அடுத்த ஆய்க்குடியில், தாமே உடலியக்கம் இழந்தவரான எஸ். ராமகிருஷ்ணன் 1981-இல் நிறுவிய அமர் சேவா சங்கம், குழந்தைப் பயிற்சியில் குடும்பத்தாரையும் பங்குகொள்ளச் செய்கிறது. பெற்றோர் சங்கங்களின் தேசிய சம்மேளனமான பரிவார் 1995-இல் தோன்றியது. 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, அச்சட்டத்துக்கு உட்பட்ட, பதினெட்டு வயது கடந்த மாற்றுத்திறனாளிகளுக்குப் பாதுகாவலரை நியமிக்கும் அதிகாரம், கலெக்டர் அங்கம் வகிக்கும் உள்ளூர்க் குழுவுக்கு உரியது.

இராஜபாளையத்து நூற்பாலையில் ஷிப்டு வேலை பார்ப்பவர்க்கும், ஸ்ரீவில்லிபுத்தூரில் தினக்கூலிக்குச் செல்பவர்க்கும், இந்த நியமனத்துக்காக விருதுநகர்க் கலெக்டர் ஆபீஸுக்குப் போய்வருவது ஒருநாள் சம்பளத்தை இழப்பதாகும். ஆதலின், எந்தெந்தக் காகிதங்களைக் கொண்டுசெல்ல வேண்டுமென முன்பே போய்வந்த ஒருத்தி சொல்லித்தருவது மிகப் பெரிய உபகாரம்.