வெப்பநில நெடுநடைக்கான ஒருவர் கூடாரம்

வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் வெயில் நிலங்களில் தனியே நடப்பவர், தம் முதுகிலேயே சுமந்து சென்று இரவில் விரித்துப் படுக்கும் சிறு கூடாரம் இது. எடை பெரும்பாலும் 400 கிராம் முதல் 1.2 கிலோ வரை இருக்கும். பனிமலைக் கூடாரத்துக்கு வேலை காற்றை மறிப்பதும் உடற்சூட்டைக் காப்பதும். வெப்பநிலக் கூடாரத்துக்கு வேலை அதற்கு நேர்மாறு. காற்று உள்ளே புகுந்து வெளியேற வேண்டும். கொசு, எறும்பு, தேள், பாம்பு புகக்கூடாது. எப்போதாவது கொட்டும் மழையையும் அது தாங்க வேண்டும். இந்த வேறுபாட்டை மனத்தில் கொள்ளாமல் எடையை மட்டும் பார்த்து வாங்கினால், முதல் வாரமே தூக்கம் கெடும்.

இவ்வகைக் கூடாரங்கள் அதிகம் சோதிக்கப்பட்ட இடம் அமெரிக்காவின் பசிபிக் கிரெஸ்ட் டிரெயில். மெக்சிகோ எல்லையில் காம்போ என்னும் சிற்றூருக்கு அருகே தொடங்கி, கலிஃபோர்னியா, ஓரிகன், வாஷிங்டன் மாநிலங்கள் வழியாகக் கனடா எல்லை வரை ஏறத்தாழ 4,265 கி.மீ. நீளும் பாதை அது. 1968ஆம் ஆண்டின் தேசியப் பாதைகள் சட்டம் முதன்முதலில் அங்கீகரித்த இரண்டு நெடும்பாதைகளுள் ஒன்று. மற்றொன்று கிழக்குக் கரைப்பக்கத்து அப்பலாச்சியன் டிரெயில். பசிபிக் பாதையில் வடக்கு நோக்கி நடப்பவர்கள் முதலில் கடக்கும் சுமார் 1,100 கி.மீ., கென்னடி மெடோஸ் வரையிலான பகுதியை, நடைப்பயணிகள் ஒரே சொல்லில் ‘பாலைவனம்’ என்கிறார்கள். உண்மையில் அது முழுவதும் மணல்வெளி அன்று. சான் ஹசின்டோ மலைத்தொடரில் 2,500 மீட்டருக்கு மேல் பைன் காடுகளுக்குள் ஏறும் பாதை, அங்கிருந்து சான் கோர்கோனியோ கணவாயில் சுமார் 400 மீட்டருக்கு இறங்கிவிடுகிறது. மேலே இரவுக் குளிர். கீழே பகலில் 35 பாகை செல்சியசைத் தாண்டும் வெயில். கணவாயில் வரிசையாக நிற்கும் காற்றாலைகளைப் பார்த்தாலே அங்கே கூடாரம் அடிப்பவரின் பாடு புரியும்.

எடையும் தண்ணீரும்

இந்தப் பகுதியில் ஒரு நீர்நிலைக்கும் அடுத்ததற்கும் இடையே 30 கி.மீ.க்கு மேல் வறண்டு கிடக்கும் இடங்கள் உண்டு. அங்கே நடப்பவர் 4 முதல் 6 லிட்டர் தண்ணீரைச் சுமக்க வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. இதுதான் இந்தக் கட்டுரையின் மையக் கணக்கு. 2 கிலோ கூடாரத்தை விட்டுவிட்டு 800 கிராம் கூடாரத்தை எடுத்துக்கொண்டால், அதே சுமையில் ஒரு லிட்டருக்கு மேல் தண்ணீர் கூடுதலாக எடுத்துச் செல்லலாம். குளிர்நாட்டில் எடைக்குறைப்பு முழங்காலுக்கு நல்லது; வெயில் நிலத்தில் அது உயிர்க்காப்பு.

உணவு, நீர், எரிபொருள் நீங்கலாக முதுகுப்பையின் எடை 4.5 கிலோவுக்குள் இருந்தால் அதை ‘அல்ட்ராலைட்’ சுமை என்பது வழக்கம். அந்தக் கணக்குக்குள் வர விரும்புபவருக்குக் கூடாரமே முதல் இலக்கு. பை, படுக்கை, கூடாரம் ஆகிய மூன்றும்தான் சுமையின் பெரும்பங்கு.

வரலாறு

எம்மா கேட்வுட் 1955இல் தம் 67ஆம் வயதில் அப்பலாச்சியன் டிரெயிலை முழுமையாகத் தனியே நடந்து முடித்தார். ஒரே பயணத்தில் அதைத் தனியாக நடந்த முதல் பெண் அவர். அவரிடம் கூடாரம் இல்லை. மழைக்கு மேலே இழுத்துக்கொள்ள ஒரு பிளாஸ்டிக் குளியலறைத் திரையும், தோளில் போட்டுக்கொள்ள வீட்டில் தைத்த துணிப்பையும் இருந்தன. இலகுச்சுமை நடையின் கதையை எழுதும் எவரும் அந்தத் திரையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

1992இல் ரே ஜார்டின் பசிபிக் பாதைக்கு எழுதிய கையேடு, கனமான கூடாரத்தை விடுத்துத் தார்ப்பாயின் கீழ் உறங்கும் முறையைப் பரப்பியது. ஆனால் தார்ப்பாய் கொசுவைத் தடுக்காது. 1999இல் அதே பாதையை நடந்த ஹென்றி ஷைர்ஸ், தார்ப்பாயையும் கொசுவலையையும் ஒன்றாக இணைத்த உறைவிடத்தைத் தாமே தைத்துக்கொண்டு போனார். பின்னர் அவர் தொடங்கிய டார்ப்டென்ட் நிறுவனத்தின் பெயரிலேயே அந்த இணைப்பு இருக்கிறது. இன்றைய ஒருவர் கூடாரங்களில் பெரும்பாலானவை, நடைக்கோலையே தூணாக நிறுத்தி, கூரையும் வலையும் தரையும் சேர்ந்த அந்த வழியில் வந்தவை.

துணி

மூன்று துணிகளை அறிந்தால் போதும். சிலிக்கோன் பூசிய நைலான், சுருக்கமாக சில்நைலான், வலுவானது. ஆனால் ஈரத்தில் நீண்டு தொய்கிறது. மாலையில் விறைப்பாகக் கட்டிய கூரை நள்ளிரவில் மூக்கைத் தொடும். வெயிலின் புற ஊதாக் கதிரும் நைலானை விரைவில் நலிவிக்கும். சிலிக்கோன் பூசிய பாலியெஸ்டர், சில்பாலி, நைலானைவிடச் சற்று வலுக் குறைந்தது. ஆனால் நீரில் தொய்வது குறைவு, வெயிலையும் மேலாகத் தாங்கும். வெப்பநிலத்துக்கு இவ்விரண்டில் சில்பாலியே உகந்தது.

மூன்றாவது டைனீமா கலப்புத் துணி. இதன் பழைய பெயர் கியூபன் ஃபைபர். 1992ஆம் ஆண்டு அமெரிக்காஸ் கப் படகுப் போட்டியில் வென்ற ‘அமெரிக்கா கியூப்ட்’ என்னும் படகின் பாய்களுக்காக உருவான துணி என்பதால் அந்தப் பெயர். பாலிஎத்திலீன் இழைகளை இரண்டு மெல்லிய படலங்களுக்கு நடுவே ஒட்டிச் செய்வது. நீரை உறிஞ்சாது, தொய்யாது, சதுர மீட்டருக்கு 20 கிராமுக்குள் எடை கொண்ட வகைகளும் கிடைக்கின்றன. குறைகளும் உண்டு. விலை அதிகம்: இத்துணியில் செய்த கூடாரம் பொதுவாக 600 டாலரைச் சுற்றியோ அதற்கு மேலோ இருக்கும், நல்ல சில்பாலிக் கூடாரம் அதில் பாதிக்குள் கிடைக்கும். முள்ளும் கூர்க்கல்லும் உரசினால் எளிதில் துளை விழும். வெயில் நிலத்தில் நடப்பவருக்கு முக்கியமான குறை இன்னொன்று: மெல்லிய வகைகள் ஒளியைப் பெருமளவு உள்ளே விடுபவை. நண்பகலில் அதன் கீழ் படுத்தவருக்கு நிழல் என்று சொல்லத்தக்கது கிடைக்காது.

துணியின் நூல் தடிமனை டெனியர் என்னும் அலகால் குறிப்பார்கள். 9,000 மீட்டர் நூலின் எடை எத்தனை கிராமோ அத்தனை டெனியர். இலகுக் கூடாரங்களில் 15, 20 டெனியர் சாதாரணம். நீர்த்தடுப்பை மில்லிமீட்டரில் நீர்த்தூண் உயரமாகச் சொல்வார்கள். கூரைக்கு 1,500 மி.மீ. போதும். முழங்கை ஊன்றும்போது ஈரத்தரையின் நீர் துணி வழியே மேலேறும் என்பதால், தரைத்துணிக்கு அதைவிடக் கூடுதல் வேண்டும்.

ஒற்றைச் சுவரா, இரட்டைச் சுவரா

உறங்குபவரின் மூச்சும் வியர்வையும் இரவு முழுவதும் நீராவியைக் கூடாரத்துக்குள் விடுகின்றன. தெளிந்த இரவில் கூரைத் துணி வானை நோக்கி வெப்பத்தை இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடும். ஆவி அதில் பட்டு நீர்த்துளியாகும். ஒற்றைச் சுவர்க் கூடாரத்தில் அந்தத் துளி நேரே படுக்கையில் விழும். இரட்டைச் சுவரில் வெளித்துணிக்கும் உறங்குபவருக்கும் நடுவே வலை நிற்கிறது.

வறண்ட பாலையில் ஒற்றைச் சுவர் போதும், எடையும் குறையும். ஜூலை மாதத்து அப்பலாச்சியன் காடுபோலப் புழுக்கமான நிலத்துக்கு இரட்டைச் சுவரே ஏற்றது. அதிலும் உள்வலையை மட்டும் தனியே நிறுத்த வழியுள்ள வகை மிக நல்லது. மழை அறிகுறி இல்லாத இரவில் வெளித்துணியைச் சுருட்டி வைத்துவிட்டு, நான்கு புறமும் காற்று வர வலைக்குள் உறங்கலாம். முற்றத்தில் கட்டில் போட்டுக் கொசுவலை கட்டிப் படுத்தவர்களுக்கு அந்தச் சுகத்தை விளக்க வேண்டியதில்லை.

இடத் தேர்வும் கூடாரத்தின் வேலையில் பாதியைச் செய்யும். குளிர்ந்த காற்று கனமானது. இரவில் பள்ளத்திலும் ஓடைக்கரையிலும் போய்த் தங்கும். அங்கே பனித்துளி மிகுதி. சற்று மேட்டில், கதவைக் காற்று வரும் திசைக்குத் திறந்து அடித்தால் அதே கூடாரம் காய்ந்து கிடக்கும். உச்சியில் ஒரு காற்றுத்துளையும் தரையோடு ஒட்டாத ஓரங்களும் இருக்க வேண்டும். சூடான ஈரக்காற்று மேலே வெளியேற, கீழே புதுக்காற்று நுழையும்.

மணலும் முளையும்

நடைக்கோலால் நிற்கும் கூடாரம் முளைகளை நம்பியே நிற்கிறது. பாலையில் மண் ஒன்று பொடிமணல், இல்லை இறுகிய பாறை. இரண்டிலும் முளை சரியாகப் பிடிக்காது. 15 செ.மீ. நீள அலுமினிய முளைகளே பொருத்தம். 6 கிராம் எடையுள்ள ஊசி போன்ற டைட்டானியம் முளைகளைத் தவிர்க்கலாம். அலுமினிய முளையும் பிடிக்காத இடத்தில் ஒரு குச்சியைக் கயிற்றில் குறுக்கே கட்டி மணலில் புதைப்பார்கள், அல்லது பெரிய கல்லைச் சுற்றிக் கயிற்றைக் கட்டுவார்கள். எனவே இழுகயிறுகள் நீளமாக இருப்பது நல்லது. வளைகம்பிகளோடு தானே நிற்கும் கூடாரங்கள் பாறைத் தரையில் எளிது. பிக் ஆக்னஸ் நிறுவனத்தின் காப்பர் ஸ்பர் ஒருவர் வகை இதற்குப் பெயர்பெற்றது. ஆனால் எடை ஒரு கிலோ அளவுக்குப் போய்விடும். நடைக்கோல் எப்படியும் கையில் இருப்பவருக்கு அந்தக் கம்பிகள் வீண் சுமை.

நுண்வலை வழியே காற்றோடு தூசியும் புகும். சுவரின் கீழ்ப்பகுதி மட்டும் துணியாகவும் மேற்பகுதி வலையாகவும் தைத்த வகை, காற்று மிகுந்த பாலைக்கு முழுவலையைவிட மேல். ஜிப்பின் பல்லிடுக்கில் மணல் சேர்ந்தால் முதலில் தேய்வது அதன் ஓட்டிதான். பழைய பல்துலக்கியால் வாரம் ஒருமுறை தட்டிவிடுவது அனுபவப்பட்டவர்களின் வழக்கம்.

அளவும் எடைக் கணக்கும்

180 செ.மீ. உயரமுள்ளவருக்குத் தரை நீளம் குறைந்தது 220 செ.மீ. வேண்டும். சரிந்த கூரை தலையிலும் காலிலும் தாழ்ந்து வருவதால் தரை அளவு மட்டும் உண்மையைச் சொல்லாது. விற்பனைக் குறிப்பில் வரும் ‘குறைந்தபட்ச எடை’யில் முளை, கயிறு, உறைப்பை பெரும்பாலும் சேராது. தோளுக்கு ஏறும் எடை அவற்றையும் கூட்டியது. நடைக்கோல் இல்லாதவர் தூணுக்கான எடையையும் சேர்க்க வேண்டும்.

நன்கு அறியப்பட்ட மூன்று மாதிரிகள் ஒப்பிட உதவும். ஸிபேக்ஸ் நிறுவனத்தின் பிளெக்ஸ் சோலோ, டைனீமாத் துணியில், சுமார் 400 கிராம். சிக்ஸ் மூன் டிசைன்ஸ் நிறுவனத்தின் லூனார் சோலோ, ஒற்றைக் கோலில் நிற்பது, சுமார் 740 கிராம். டான் டர்ஸ்டன் வடிவமைத்த எக்ஸ்-மிட் ஒருவர் வகை, இரண்டு கோல்களில் நிற்கும் சில்பாலி இரட்டைச் சுவர், சுமார் 800 கிராம். முளையும் பிற துணைப்பொருள்களும் இவற்றுக்குப் புறம்பு.

முதன்முறை வெப்பநிலத்தில் நெடுந்தூரம் நடக்கப் போகிறவர், வெளிர்நிறச் சில்பாலியில், உள்வலை பிரிந்து வரும், முளையும் கயிறும் உட்பட ஒரு கிலோவைத் தாண்டாத இரட்டைச் சுவர்க் கூடாரத்தை வாங்குவதே சரி. வாங்கியதும் மொட்டை மாடியிலோ தோட்டத்திலோ இரண்டு இரவாவது அதற்குள் படுத்துப் பாருங்கள். இருட்டில், காற்றில், தனியாக அதை நிறுத்தப் பழகிய பிறகே பாதையில் கால் வையுங்கள்.