சூரியனின் சத்தம் பூமிக்குக் கேட்குமா?

மழைக்கால இரவுகளில் கல்வராயன் மலைமேல் மின்னல் வெட்டுவதைக் கள்ளக்குறிச்சிப் பகுதி மக்கள் பார்த்திருப்பார்கள். மலையடிவாரத்தில் கச்சிராயபாளையத்திலோ கோமுகி அணைப் பக்கத்திலோ நின்றால், மின்னலைத் தொடர்ந்து இடியும் கேட்கும். வெகு தொலைவில் இருப்பவருக்கு வானம் மின்னுவது மட்டும் தெரியும், சத்தம் வராது. காற்றில் ஒலி ஒரு கிலோமீட்டர் செல்ல ஏறக்குறைய 3 விநாடி ஆகிறது. போகப் போக அது தேய்ந்தும் விடுகிறது.

அப்படியானால், ஓயாமல் கொதித்துக்கொண்டிருக்கும் சூரியனின் சத்தம் நமக்கு ஏன் கேட்பதில்லை என்று பிள்ளைகள் கேட்டால் என்ன சொல்வது?

சூரியன் நம்மிடமிருந்து சுமார் 15 கோடி கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. அதன் ஒளி 8 நிமிடம் 20 விநாடியில் வந்து சேர்கிறது. வழியெல்லாம் காற்று நிறைந்திருந்தால்கூட, ஒலி வந்து சேரச் சுமார் 14 ஆண்டுகள் ஆகும். ஆனால் இடையில் காற்றே இல்லை. ஒலி பரவக் காற்றோ நீரோ திடப்பொருளோ வேண்டும். விண்வெளி ஏறக்குறைய வெற்றிடம் என்பதால், சூரியனின் சத்தம் நம் காதுக்கு வர வழியில்லை.

சூரியனுக்குள் ஒலி அலைகள் இல்லாமலில்லை. உள்ளே கொந்தளிக்கும் வாயு அவற்றை எழுப்பிக்கொண்டே இருக்கிறது. அதனால் சூரியனின் மேற்பரப்பு சுமார் 5 நிமிடத்துக்கு ஒருமுறை ஏறி இறங்குகிறது. இதை 1960களின் தொடக்கத்தில் அமெரிக்க விஞ்ஞானி ராபர்ட் லெய்ட்டனும் அவருடைய குழுவினரும் கண்டறிந்தனர். மனிதக் காதுக்குக் கேட்க, விநாடிக்குக் குறைந்தது 20 அதிர்வுகளாவது வேண்டும். எனவே பக்கத்தில் போய் நின்றாலும் இந்த அலைகள் நமக்குக் கேட்காது.

கேட்காத ஒலியை எப்படி அறிந்தார்கள்? ஒளியைக் கொண்டுதான். நம்மை நோக்கி வரும் வாயுவின் ஒளி சற்று நீலப் பக்கமும், விலகிச் செல்லும் வாயுவின் ஒளி சற்றுச் சிவப்புப் பக்கமும் நகரும். இதே முறையில்தான் 1909-இல் நம் கொடைக்கானல் சூரிய ஆய்வுக்கூடத்தில் ஜான் எவர்ஷெட், சூரியப் புள்ளிகளில் வாயு ஓடுவதைக் கண்டுபிடித்தார். சூரியனின் அதிர்வுகளை இரவு பகல் விடாமல் கவனிக்க உலகைச் சுற்றி 6 நிலையங்கள் உள்ளன. அவற்றில் ஒன்று ராஜஸ்தானின் உதய்ப்பூரில் இருக்கிறது.

இணையத்தில் 'சூரியனின் சத்தம்' என்று ஒலிப்பதிவுகள் கிடைக்கின்றனவே என்று சிலர் கேட்கலாம். சோஹோ விண்கலம் 40 நாட்கள் எடுத்த அளவீடுகளை 42,000 மடங்கு வேகப்படுத்தி உருவாக்கிய ஒலி அவற்றில் ஒன்று. அளவீடு உண்மையானது. ஆனால் மைக் வைத்துப் பதிவு செய்த சத்தம் அல்ல.

இந்த வேறுபாடு தெரியாதபோது வதந்தி எளிதில் பரவுகிறது. சூரியன் 'ஓம்' என்று ஒலிப்பதை நாசா பதிவு செய்ததாகக் கூறும் காணொளியை, 2020 ஜனவரியில் புதுச்சேரியின் அப்போதைய துணைநிலை ஆளுநர் கிரண் பேடி பகிர்ந்தார். நாசா அப்படி எதையும் பதிவு செய்யவில்லை.

பிறரைக் குறை சொல்லும் முன் நம் வீட்டையும் பார்க்க வேண்டும். நீல் ஆம்ஸ்ட்ராங் நிலவில் பாங்கோசை கேட்டு இஸ்லாத்தைத் தழுவினார் என்ற கதையை நம்மில் பலர் சிறுவயதிலிருந்தே கேட்டு வளர்ந்தோம். நிலவிலும் ஒலியைச் சுமந்து வரக் காற்று இல்லை. ஆம்ஸ்ட்ராங் மதம் மாறியதாக வந்த செய்தி சரியல்ல என்று 1983-இலேயே அமெரிக்க வெளியுறவுத் துறை தன் தூதரகங்களுக்குத் தெரிவித்துவிட்டது. பாங்கின் மகத்துவத்துக்கு இந்தக் கதையின் துணை தேவையில்லை.

அடுத்த முறை இப்படியொரு ஒலிப்பதிவு குடும்பக் குழுவுக்கு வந்தால், பகிரும் முன் பிள்ளைகளோடு உட்கார்ந்து ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: இந்தச் சத்தம் எதன் வழியாக வந்திருக்கும்?