தலையெழுத்தும் அணுவெழுத்தும்

கடாரம் கொண்டான் சோழன் என்று மார்தட்டுவோர் நம்மில் பலர். அக்கடாரத்திலே, கெடாத் தோட்டத்து லயங்களிலே, பால்மரம் சீவிப் பிழைத்த மக்கள் எந்நோயால் மாண்டனர் எனக் கேட்போரோ சிலர். மலேரியா ஒருபுறம், கொக்கிப்புழு ஒருபுறம், கள் ஒருபுறம். இவற்றிடையே குழந்தையொன்று வெளிறி, ஈறுகளிற் குருதி கசிந்து, சில வாரங்களில் கண்மூடினால், “அதன் தலையெழுத்து” என்றனர். அழுதனர், அடக்கம் செய்தனர், அத்துடன் மறந்தனர்.

அவ்வாறு மாண்ட குழந்தைகளுட் சிலரைக் கொன்றது கடும் இரத்தப் புற்றுநோயாகவும் இருந்திருக்கலாம். எலும்பு மஜ்ஜையிலே முதிராத வெள்ளணுக்கள் கட்டின்றிப் பெருகி, நல்லணுக்களுக்கு இடமில்லாது செய்யும் நோய் அது. 1847-இல் ஜெர்மானிய அறிஞர் விர்க்கோ அதற்கு ‘வெண்குருதி’ எனப் பொருள்படும் பெயரிட்டார். பெயர் கிடைத்தது, மருந்து கிடைக்க நூறாண்டு ஆயிற்று.

1947-ஆம் ஆண்டை நினைவு கூர்வோம். அவ்வாண்டிலேதான் பீடோங் வட்டாரத்துத் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளை எதிர்த்து மறியல் செய்து சிறை புகுந்தனர். அவ்வாண்டின் இறுதியிலே, பாஸ்டன் நகரில் சிட்னி பார்பர் என்னும் மருத்துவர் இந்நோயுற்ற குழந்தைகளுக்கு அமினோப்டெரின் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். அம்மருந்தை ஆக்கித் தந்த ஆராய்ச்சிக் குழுவின் தலைவர், சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்ற சுப்பாராவ். 1948-இல் வெளிவந்த அறிக்கையின்படி, 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் தணிந்தது. ஆயினும் அத்தணிவு நிலைக்கவில்லை.

பின்னர்ப் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தனர். சிலர் பிழைத்தனர், சிலர் மாண்டனர். ஒரே நோய், ஒரே மருந்து, முடிவோ இரண்டு! ஏன்? வைதிகர் விதி என்பர். விஞ்ஞானி உயிரணுவைத் திறந்து பார்த்தார்.

உயிரணுவின் கருவில் பாரம்பரியக் குறிப்புகளைத் தாங்கிய நூலிழைகள் உள. அவையே குரோமோசோம்கள். மனிதனுக்கு அவை 48 என்றே 1923 முதல் உலகம் நம்பியிருந்தது. அவற்றைச் சரியாக எண்ணியவர் நம் அண்டை நாடாகிய சாவகத்திற் பிறந்த தியோ ஜோ ஹின்; ஜப்பானியர் சிறைமுகாமில் வாடி மீண்டவர். 1955 டிசம்பரில், சுவீடனில், லெவான் என்பாருடன் பணியாற்றுகையில், 46 எனக் கண்டார். எண்ணிக்கை சரியானபின் பிழையைக் காண்பது எளிதாயிற்று.

1960-இல் பிலடெல்பியாவில் நோவல், ஹங்கர்போர்டு இருவரும், நாட்பட்ட இரத்தப் புற்றுநோயாளரிடம் ஒரு குரோமோசோம் குறுகியிருப்பதைக் கண்டனர். 1973-இல் சிகாகோவைச் சேர்ந்த ஜேனட் ரௌலி அம்மையார் அதன் மர்மத்தை விளக்கினார். 9-ஆம், 22-ஆம் இழைகள் முறிந்து, தம்முள் துண்டுகளை மாற்றிக் கொண்டிருந்தன! கடும் நோயிலும் இத்தகைய மாற்றங்கள் உண்டென அவரே காட்டினார்: ஒருவகையில் 8-உம் 21-உம், மற்றொருவகையில் 15-உம் 17-உம். அடுப்பங்கரையே பெண்ணுக்கு உலகம் என்போர், வீட்டுச் சாப்பாட்டு மேசையிலே குரோமோசோம் படங்களை வெட்டி அடுக்கி ஆராய்ந்த இவ்வம்மையாரை எண்ணிப் பார்க்கட்டும்.

இவ்வறிவால் விளைந்த பயன் யாது? 15-உம் 17-உம் மாறிய வகை, விரைந்து கொல்வதெனப் பெயர் பெற்றது. 1985 முதல் ஷாங்காய் மருத்துவர் வாங் சென்யி, வைட்டமின் ‘ஏ’ இனத்தைச் சேர்ந்த மருந்தொன்றால் அதனை அடக்கினார். இன்று அது பெரிதும் குணமாகும் வகையாகிவிட்டது. குழந்தைகளிடம் நோயணுவின் குரோமோசோம்கள் 50-க்கு மேற்பட்டிருப்பின் நம்பிக்கை அதிகம். 44-க்குக் குறைந்திருப்பின் அபாயம் அதிகம். மலேசியாவும் சிங்கப்பூரும் இணைந்து நடத்திய 2003 எனப் பெயரிய ஆய்வுத்திட்டத்தில், எஞ்சிய நோயணுக்களை அளந்து, அபாயம் குறைந்த குழந்தைகளுக்கு மருந்தின் கடுமையைக் குறைத்தனர். ஐந்நூற்றுக்கு மேற்பட்ட குழந்தைகளில் பத்தில் எட்டுக்கு மேல் பிழைத்தனர்.

இனி, நம் வீட்டுக்கு வருவோம். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, மக்கள் சுங்கை பட்டாணிக்கும் கூலிமுக்கும் குடிபெயர்ந்தனர். மூட்டையோடு மூடநம்பிக்கையையும் சுமந்து சென்றோர் உளர். பிள்ளைக்கு இந்நோய் என்றால், “தாய்வழி இரத்தம் கெட்டது” என்று மருமகளைத் தூற்றுவதும், அக்காளுக்கு வந்த வரனைத் திருப்புவதும் என்ன நீதி? சில அரிய பிறவி நிலைகள் நீங்கலாக, இம்மாற்றம் பெற்றோர் தந்ததன்று. அக்குழந்தையின் ஓர் உயிரணுவில் நேர்ந்த முறிவு. அவ்வணுவின் வழித்தோன்றல்களிலன்றி உடலின் பிறவற்றில் இல்லாதது. குலத்திலில்லாத பிழைக்குக் குலத்தைப் பழிப்பது அறிவாகுமா?

மந்திரிக்கும் போமோவிடம் இழக்கும் ஒவ்வொரு நாளும் நோயணுவுக்கே ஆதாயம். முகம் தெளிந்தவுடன் மருந்தை நிறுத்துவதும் அத்தகையதே. குழந்தைகளின் சிகிச்சை பொதுவாக இரண்டாண்டுக்குக் குறையாது.

தொண்டர் படை எழுந்த பீடோங்கையடுத்த செமிலிங்கிலே இன்று மருத்துவம் கற்பிக்கும் பல்கலைக்கழகம் நிற்கிறது. கள்ளை எதிர்த்தவரின் பேரர் குருதியைச் சோதிக்கக் கற்கின்றனர். தலையெழுத்தைப் படித்தவர் எவருமிலர். அணுவெழுத்தைப் படிக்கிறார்கள்; பிழை கண்டு மருந்தும் தேர்கிறார்கள். எதை நம்பிப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடுவது என்பதைப் பெற்றோரே முடிவு செய்யட்டும்.