மகன் அல்லது மாணவன்

கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படையில் ஒரு சிறுதேர் வருகிறது. ஏறிச் செல்ல இயலாத விளையாட்டுத் தேர். தச்சர் வீட்டுச் சிறுவர்களே கண்டு ஆசைப்படும்படி செய்யப்பட்டது. அதை உருட்டிக் களைத்த குழந்தைகள் செவிலியரிடம் பாலுண்டு உறங்குகின்றனர். வகுப்பில் இவ்விடத்தைக் குழந்தைமையின் அழகாக விளக்கிவிட்டுக் கடந்துவிடுகிறோம். ஆனால் தேரின் நயத்துக்குத் தச்சச் சிறுவரைப் புலவர் ஏன் அளவுகோலாக்கினார்? நல்ல வேலை எது என்று பார்த்தவுடன் சொல்லும் கண் அச்சிறுவருக்கு அந்த வயதிலேயே வாய்த்திருந்தது என்பதனால்தான். நூலின் பாட்டுடைத் தலைவன் காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையன். எனவே தொண்டை நாட்டில் தொழில் பழகும் சிறுவரைப் பற்றிய மிகப் பழைய குறிப்புகளுள் ஒன்றாக இதைக் கொள்ளலாம்.

புறநானூற்றின் 87ஆம் பாடலில் ஔவையார் காட்டும் தச்சன் வேறு வகையினன். நாளொன்றுக்கு எட்டுத் தேர் செய்ய வல்ல அவன், ஒரே சக்கரத்துக்கு ஒரு மாதம் செலவிடுகிறான். ஆசைப்படும் சிறுவனின் கண்ணுக்கும் ஒரு மாதம் பொறுத்திருக்கும் முதுவனின் கைக்கும் இடையில் எத்தனை ஆண்டுகள்? யார் கற்பித்தார்? இலக்கியம் இதைச் சொல்வதில்லை. அந்த இடைவெளியின் வரலாற்றை, செங்கல்பட்டுக்கும் மாமல்லபுரத்துக்கும் இடைப்பட்ட நிலத்தை முன்வைத்துச் சற்று யோசித்துப் பார்க்கலாம்.

மாமல்லபுரத்தில் நாம் காண்பது சிற்பியின் ஊர் மட்டுமன்று. காணாமற்போன தச்சனின் ஊரும் அதுவே. ஐந்து ரதங்களுள் திரௌபதி ரதம் கூரை வேய்ந்த குடிலின் கல் வடிவம். பீம ரதத்தின் நீண்ட வளைகூரையும், அதன் பக்கங்களில் திறக்கும் கூடு எனப்படும் வளைவுகளும், தூண் தலையில் உத்தரம் தாங்கும் போதிகைகளும் மரவேலையில் பிறந்தவை. செங்கல், மரம், உலோகம், சுதை ஆகிய நான்குமின்றிக் கோயில் எடுத்ததாக மகேந்திரவர்மன் மண்டகப்பட்டுக் கல்வெட்டில் பெருமைப்பட்டுக்கொள்கிறான். அதற்கு முந்தைய கோயில்கள் அப்பொருள்களால் ஆனவை என்பதற்கு அப்பெருமிதமே சான்று. அந்த மரக் கட்டடங்கள் மக்கின. தச்சன் கண்ட வடிவங்களைக் கல்தச்சன் காப்பாற்றித் தந்தான்.

இத்தகைய வேலைத்தளத்தில் கல்வி எப்படி நடந்திருக்கும்? பிற்காலத்துச் சிற்ப நூலான மயமதம் நால்வரைச் சொல்கிறது. முழுப் பொறுப்பேற்கும் ஸ்தபதி; நூல் பிடித்து அளக்கும் சூத்திரகிராகி; மரத்தையும் கல்லையும் செதுக்கும் தட்சகன்; செதுக்கியவற்றைப் பொருத்தி எழுப்பும் வர்த்தகி. இவர்களுள் சூத்திரகிராகி யாராக இருக்கலாம் என்பதற்கு நூல் தரும் விடை, ஸ்தபதியின் மகன் அல்லது மாணவன். அந்த ‘அல்லது’ என்ற சொல்லில் என் மனம் நெடுநேரம் நின்றது. மகனுக்குக் கிடைப்பது பிறப்பால் கிடைப்பது. மாணவனுக்குக் கிடைப்பது வந்து சேர்வதால் கிடைப்பது. நடைமுறையில் இத்தொழில் பல நூற்றாண்டுகள் கம்மாளர் குடிகளுக்குள் மகன் வழியாகவே பெரிதும் சென்றது. மாணவன் என்ற வாசல் ஏட்டில் இருந்தது. எத்தனை பேருக்குத் திறந்தது என்பதே கேள்வி.

ஆங்கிலேய அரசு வேறொரு வாசலைத் திறந்தது. அது அவ்வளவு மரியாதையான வாசலன்று. 1850ஆம் ஆண்டின் தொழில்பழகுநர் சட்டம், 10 முதல் 18 வயது வரையிலான பிள்ளைகளை ஏழாண்டுக்கு மிகாமல் ஒரு தொழிலில் ஒப்பந்தத்தால் பிணைக்க வழிசெய்தது. ஆதரவற்ற, வறிய பிள்ளைகளே அதன் முதல் நோக்கம். அடுத்து வந்தவை சீர்திருத்தப் பள்ளிகள். அவற்றுக்கான 1897ஆம் ஆண்டுச் சட்டம், குற்றம் புரிந்த சிறுவரை மூன்று முதல் ஏழாண்டு வரை வைத்திருக்கவும், அவர்களுக்குத் தொழிற்பயிற்சி தரவும் விதித்தது. செங்கல்பட்டில் அத்தகைய பள்ளியொன்று 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே இயங்கியது. அங்கே கற்பிக்கப்பட்ட கைத்தொழில்களுள் தச்சும் ஒன்று. சாதி பாராமல் உளி பிடிக்கக் கற்பித்த இடம் ஒரு வகையில் சிறையாக இருந்தது என்பது வரலாற்றின் கசப்பான வேடிக்கை. கைவேலை தண்டனையின் நிழலில் நின்றது. படிப்பு வேறு வீட்டில் வாழ்ந்தது.

‘அல்லது’ என்ற அச்சொல் தமிழக அரசியலையே அசைத்த ஆண்டு 1953. இராஜாஜி அரசு கொண்டுவந்த திருத்திய தொடக்கக் கல்வித் திட்டத்தில், கிராமப் பள்ளிப் பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு மூன்று மணி நேரமே வகுப்பு. எஞ்சிய நேரத்தில் பெற்றோரின் தொழிலைப் பழகலாம். பள்ளிகளும் ஆசிரியர்களும் போதாத நிலையில் இரு மடங்குப் பிள்ளைகளைச் சேர்க்க இது வழி என்பது ஆதரித்தோர் வாதம். தச்சன் மகன் தச்சனாகவே இருக்க அரசே முத்திரை குத்துகிறது என்பது எதிர்த்தோர் வாதம். ‘குலக்கல்வி’ என்ற பெயரே அதற்கு நிலைத்தது. காமராசர் முதல்வரானபின் 1954 மே மாதம் திட்டம் கைவிடப்பட்டது. மூன்றாண்டு கழித்து, 1957இல், மாமல்லபுரத்தில் அரசின் சிற்பப் பயிற்சி நிறுவனம் தொடங்கியது. பின்னாளில் கல்லூரியாகிய அங்கே கல், சுதை, உலோகம், மரம் ஆகியவற்றில் சிற்பம் பயில மாணவனாகச் சேரலாம். மகனாகப் பிறந்திருக்க வேண்டியதில்லை. 1961இல் புதிய தொழில்பழகுநர் சட்டம் வந்து 1850ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கியது.

ஆயினும் மரவேலையைப் பெருந்திரளான மக்களுக்குத் திறந்துவிட்டது சட்டமுமன்று, கல்லூரியுமன்று, கான்கிரீட். ஈரக் கான்கிரீட் தானாக நில்லாது. அதற்கு முதலில் ஒரு மரவீடு கட்ட வேண்டும். அதைத்தான் ‘சென்ட்ரிங்’ என்கிறோம். இக்கடற்கரையின் மணலில் வளர்ந்த சவுக்கே நெடுங்காலம் அதற்கு முட்டுக்கால். இழைத்தும் செதுக்கியும் கதவு நிலை செய்யும் குடும்பத் தச்சர்கள் மட்டும் இந்த வேலைக்குப் போதவில்லை. வானம் பொய்த்த ஊர்களின் உழவர் பிள்ளைகளும், பள்ளிப் படிப்பை நிறுத்தியவர்களும் வந்து சேர்ந்தனர்.

அவர்களுடைய பாடத்திட்டம் எழுதப்படவில்லை, ஆனால் இருக்கிறது. முதலில் கையாள்: பலகை சுமப்பது, ஆணி பிடுங்குவது, வளைந்த ஆணியைக் கல்மேல் வைத்து நிமிர்த்துவது. மரத்தின் எந்தப் பக்கம் பிளக்கும் என்பதை அவன் ஆணியிடம் கற்கிறான். அடுத்து அளவு. அங்குலத்தில் எட்டில் ஒரு பங்குக்கு நம் தொழிலாளர் இட்ட பெயர் ‘நூல்’. இரண்டு நூல் குறைகிறது என்று மேஸ்திரி சொல்லும்போது, சூத்திரகிராகியின் கயிறும் நம் ஏட்டு நூலும் ஒரே சொல்லில் வந்து நிற்கின்றன. மூன்றடி, நான்கடி குறித்து, குறுக்கே ஐந்தடி வந்தால் மூலை சரி. நீர் நிறைத்த குழாயின் இரு முனை மட்டமும் ஒன்றானால் தளம் சரி. ஒரு கன மீட்டர் கான்கிரீட் ஏறத்தாழ 2,400 கிலோ எடை. அதைத் தாங்குவது தான் நிறுத்திய கால்களே என்ற அச்சம் மூன்றாம் பாடம். கடைசிப் பாடம் பொறுமை. தூணின் பக்கப் பலகையை மறுநாள் பிரிக்கலாம். பெரிய உத்தரத்தின் அடிமுட்டை எடுக்க மூன்று வாரம் காத்திருக்க வேண்டும்.

இங்கே ஆசானும் கூலி தருபவரும் ஒருவரே என்பதில்தான் சிக்கல். மாணவன் தேறிவிட்டான் என்று ஒப்புக்கொண்டால் அவனுக்குத் தச்சனின் கூலி கொடுத்தாக வேண்டும். எனவே தேர்வும் இல்லை, சான்றும் இல்லை. அடுத்த தளத்துக்குப் போய்த் ‘தச்சன்’ என்று தானே சொல்லிக்கொள்வதே பட்டமளிப்பு. 1994இல் தமிழ்நாட்டில் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் அமைந்தது. தொழிற்சங்கங்களின் நெடும் போராட்டத்தால் வந்த அவ்வாரியத்தின் அட்டையில், தச்சர் என்ற சொல் பலருக்கு முதன்முறையாக எழுத்தில் கிடைத்தது. 1953இன் விவாதமும் ஓயவில்லை. 2023இல் ஒன்றிய அரசு தொடங்கிய விஸ்வகர்மா திட்டம் தச்சு உள்ளிட்ட 18 தொழில்களுக்கானது. குடும்பத் தொழில் என்ற நிபந்தனையைச் சுட்டித் தமிழ்நாடு அரசு அதை ஏற்கவில்லை. மாற்றாக, குலம் பாராத கைவினைத் திட்டம் ஒன்றை 2025 ஏப்ரலில் குன்றத்தூரில் தொடங்கியது. மகனா மாணவனா என்ற பழைய கேள்வியே மறுபடியும் வந்திருக்கிறது.

இன்று கடற்கரைச் சாலை நெடுக எழும் அடுக்ககங்களில், சவுக்குக்கு மாற்றாக இரும்பு முட்டுகளும், பலகைக்கு மாற்றாகத் தகடுகளும் பெருகிவிட்டன. உளியோசையினூடே ஒடியாவும் வங்காளமும் இந்தியும் கேட்கின்றன. தந்தையிடமிருந்து பல நூறு மைல் தொலைவில் நின்று தொழில் பழகும் அவ்விளைஞர்கள் முழுக்க முழுக்க மாணவர்களே. ‘அல்லது’ என்ற சொல்லின் இரண்டாம் பக்கம் ஒருவாறு வென்றுவிட்டது. ஆனால் அம்மாணவனை மாணவன் என்று பதிந்துகொள்ளும் ஏடு இன்னும் பெரும்பாலான தளங்களில் இல்லை.

பல்லவர் காலத்துத் தச்சனின் மரம் அழிந்தாலும் அவன் வடிவம் கல்லில் தங்கியது. சென்ட்ரிங் தச்சனின் மரம் கட்டடம் எழுந்த அன்றே கழற்றப்பட்டு அடுத்த தளத்துக்கோ அடுப்புக்கோ போகிறது. ஆனால் சுவரில் பூச்சு ஏறுவதற்கு முன்பு கான்கிரீட்டை அருகில் சென்று பார்த்தால், பலகையின் ரேகைகள் அதில் அப்படியே பதிந்திருக்கும். தச்சச் சிறுவரின் கண்ணை அளவுகோலாக்கிய புலவர் பிறந்த மொழியில், அந்த ரேகையைப் படிக்கவும் சிலர் இருக்க வேண்டும்.