சட்டைப்பைச் சுழல்துப்பாக்கி

1830-ஆம் ஆண்டில், அமெரிக்க நாட்டின் பாஸ்டன் துறைமுகத்திலிருந்து கல்கத்தாவை நோக்கிப் புறப்பட்ட 'கோர்வோ' என்னும் பாய்க்கப்பலில், 16 வயதுச் சிறுவன் ஒருவன் கப்பல் வேலைக்கு அமர்ந்து வந்தான். சாமுவேல் கோல்ட் என்பது அவன் பெயர். சக்கரம் ஒன்று சுழன்று சுழன்று குறித்த இடத்தில் நிலைபெறுவதை அக்கப்பலில் கண்டானென்றும், அதுபோலவே தோட்டா அறைகளும் சுழன்று ஒரே குழலுக்கு நேராக வந்து நிற்கலாமே என்று எண்ணி மரத்தில் ஒரு மாதிரி செதுக்கினானென்றும் வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். கதையில் மெய் எவ்வளவோ. 1836-இல் கோல்ட் பெற்ற காப்புரிமை மெய். நம் நாட்டுத் துறைமுகத்தை நாடி வந்த கடற்பயணத்தில் உருவெடுத்ததாகக் கூறப்படும் கருவியைத்தான் இன்று சுழல்துப்பாக்கி, அதாவது ரிவால்வர், என்கிறோம்.

அதன் பிறப்பைக் காட்டிலும் அதன் நீண்ட ஆயுளே நம் ஆராய்ச்சிக்கு உரியது. 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளிலேயே அதைவிட விரைவாகச் சுடக்கூடிய, அதிகத் தோட்டாக்களைக் கொள்ளக்கூடிய, தட்டையான போட்டிக் கருவி ஒன்று சந்தைக்கு வந்துவிட்டது. படைகள் பலவும் அதைப் படிப்படியாக ஏற்றுக்கொண்டன. ஆயினும், ஆடைக்குள் மறைத்து அன்றாடம் துப்பாக்கி எடுத்துச் செல்லும் வழக்கமுள்ள அமெரிக்காவில், பழைய சுழல்துப்பாக்கி பின்னும் முக்கால் நூற்றாண்டுக் காலம் சட்டைப்பைகளில் ஆட்சி செலுத்தியது. காரணம் என்ன?

இரண்டு கருவிகளின் இயக்கத்தையும் முதலில் சிறிது தெரிந்துகொள்ள வேண்டும். சுழல்துப்பாக்கியில் ஐந்து அல்லது ஆறு அறைகள் கொண்ட உருளை ஒன்று உண்டு. விரலால் விசையை இழுக்கும்போது உருளை ஓர் அறையளவு திரும்புகிறது. நம்மவர் 'குதிரை' என்று சொல்லும் சுத்தி பின்னுக்குச் சென்று, மீண்டும் பாய்ந்து தோட்டாவின் அடியில் அடிக்கிறது. இவ்வளவையும் செய்வது சுடுபவரின் விரல் வலிமையே. ஆகவே தோட்டா ஒன்று பழுதாகி வெடிக்காமற் போனால் வேறொன்றும் செய்ய வேண்டுவதில்லை. விசையை மறுபடி இழுத்தால் அடுத்த தோட்டா நேரே வந்துவிடுகிறது. மற்றக் கருவியோ, வெடித்த தோட்டாவின் உதைப்பைக் கொண்டே தன் அடுத்த வேலையைச் செய்துகொள்வது. உதைப்பினால் மேற்பகுதி பின்னுக்குத் தள்ளப்படுகிறது. வெற்றுத் தோட்டா வெளியே தெறிக்கிறது. பிடிக்குள் இருக்கும் கூட்டிலிருந்து வில்லின் விசையால் மற்றொரு தோட்டா மேலே ஏறுகிறது. ஒரு தோட்டா வெடிக்காவிட்டால் இந்தச் சங்கிலி அறுந்துவிடும். இரு கைகளாலும் மேற்பகுதியை இழுத்துவிட வேண்டும். மணிக்கட்டு தளர்ந்திருந்தாலும், மேற்பகுதி துணியில் சிக்கினாலும் அதே தொல்லைதான்.

இக்கருவியைத் 'தானியங்கித் துப்பாக்கி' என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. அரசாங்கச் சட்டங்களை மொழிபெயர்க்கும் நம்மைப் போன்றவர்களுக்கு இச்சொல் சிறிது சங்கடம் தருவது. நம் நாட்டின் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், விசையை அழுத்திப் பிடித்திருக்கும்வரை ஓயாமல் சுடுகின்ற துப்பாக்கியைத் தடைசெய்யப்பட்ட ஆயுதம் என்று தனியே வகுக்கிறது. அதுவே முழுத் தானியங்கி. ஒரு முறை இழுத்தால் ஒரு குண்டு மட்டுமே புறப்படும் கைத்துப்பாக்கி பாதித் தானியங்கிதான். இந்தப் 'பாதி' என்னும் அடைமொழி பேச்சில் நழுவிப் போனதால் விளைந்த குழப்பங்கள் பல. இக்கட்டுரையில் அதைப் பிஸ்டல் என்றே குறிப்போம்.

சட்டைப்பைக்கென்றே சுழல்துப்பாக்கி செய்யும் கலையை வளர்த்தவர்கள் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டு நகரின் ஸ்மித் அண்டு வெஸ்ஸன் நிறுவனத்தார். உலோக உறையிட்ட தோட்டாவை ஏற்கும் சிறிய சுழல்துப்பாக்கியை அவர்கள் 1857-இல் வெளியிட்டனர். அதனினும் கருதத்தக்கது 1887-இல் அவர்கள் செய்தது. அதில் குதிரை வெளியே தெரியாதபடி உடலுக்குள் மறைக்கப்பட்டிருந்தது. பையிலிருந்து உருவும்போது துணியில் மாட்ட எதுவும் இல்லை. அவசியமானால் பைக்குள்ளிருந்தே சுடவும் இயலும். பிடியின் பின்புறத்தில் ஒரு நெம்புகோல் அமைத்தார்கள். உள்ளங்கை அதை இறுக அழுத்தினாலன்றி விசை நகராது. விசையும் கனமானது, நெடுந்தூரம் இழுக்க வேண்டியது. வேண்டும்போது தவறாமல் சுட வேண்டும், வேண்டாதபோது ஒருக்காலும் சுடக்கூடாது என்னும் இரண்டு தேவைகளையும் ஒருங்கே நிறைவேற்ற முயன்ற கருவி அது. பின்னர் எழுந்த விவாதம் முழுவதும் இவ்விரண்டு தேவைகளுக்கும் இடையே நடந்த இழுபறியே.

பிஸ்டலைச் சட்டைப்பைக்குக் கொண்டுவந்த பெருமை ஜான் மோசஸ் பிரௌனிங்குக்கு உரியது. யூட்டா மாநிலத்தில் பிறந்த அவருடைய வடிவமைப்புகளை பெல்ஜியத்தின் எஃப்.என். தொழிற்சாலையும் அமெரிக்காவின் கோல்ட் நிறுவனமும் செய்து உலகெங்கும் விற்றன. 1903-இல் வந்த கோல்ட் சட்டைப்பைப் பிஸ்டலும், பின்னர் வந்த அதன் உடன்பிறப்பும் சேர்ந்து 5 லட்சத்துக்கு மேல் செய்யப்பட்டன. 1914-இல் சரயேவோ நகரில் ஆஸ்திரிய இளவரசரைக் கொன்று முதல் உலக யுத்தத்துக்கு வழி திறந்த துப்பாக்கியும் பிரௌனிங் வடிவமைத்ததே. அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, 1911 ஜூன் 17-ஆம் நாள் மணியாச்சி நிலையத்தில் கலெக்டர் ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதன் கையில் இருந்ததும் பெல்ஜியத்துப் பிரௌனிங்தான். தட்டையாக, ஆடைக்குள் புடைக்காமல் மறைவது இவ்வகையின் இயல்பு. மறைவாகக் கொண்டுசெல்ல நினைத்தவர்கள் அதை நாடியதில் வியப்பில்லை.

இவ்வாறிருந்தும் அமெரிக்கப் போலீஸாரும் பொதுமக்களும் சுழல்துப்பாக்கியை விடவில்லை. 1927-இல் கோல்ட் நிறுவனம் இரண்டு அங்குலக் குழலும் ஆறு தோட்டாவும் கொண்ட 'டிடெக்டிவ் ஸ்பெஷல்' என்பதை வெளியிட்டது. 1950-இல் ஸ்மித் அண்டு வெஸ்ஸன் அதனினும் சிறிதாக ஒன்றைச் செய்து, போலீஸ் தலைவர்களின் மாநாட்டில் காட்டியது. அம்மாநாட்டின் நினைவாகவே 'சீஃப்ஸ் ஸ்பெஷல்' என்ற பெயர் அதற்கு அமைந்தது. ஐந்து தோட்டா, ஏறக்குறைய அரைக் கிலோ எடை. 1952-இல் நிறுவனத்தின் நூற்றாண்டை ஒட்டி, 1887-இன் மறைகுதிரையும் பிடி நெம்புகோலும் மீண்டும் வந்தன. 1965-இல் துருப்பிடிக்காத எஃகினால் ஆன முதல் சுழல்துப்பாக்கி பிறந்தது. வியர்வை படும் உடலோடு ஒட்டி நாள்தோறும் கிடக்கும் பொருளுக்கு இது சிறு உபகாரமன்று.

இத்துப்பாக்கியை விரும்பியவர்கள் துப்பாக்கிக் கலையில் தேர்ந்தவர்கள் அல்லர் என்பதை மனத்தில் கொள்ள வேண்டும். மாதக்கணக்கில் மேசை இழுப்பறையிலோ பையிலோ கிடக்கும், எண்ணெய் காணாது, பயிற்சியும் இராது. என்றோ ஒரு நாள், நடுங்கும் கையோடு எடுக்கப்படும். பிஸ்டலுக்குப் பழக்கம் வேண்டும். பூட்டை நீக்கினோமா, அறையில் தோட்டா உண்டா என்ற நினைவு வேண்டும். சுழல்துப்பாக்கி தன்னை வைத்திருப்பவரிடம் மிகக் குறைவாகவே எதிர்பார்க்கிறது. அதன் நீண்ட ஆயுளுக்கு இதுவே தலையாய காரணம் என்பது நம் துணிபு.

அந்தக் குறைந்த எதிர்பார்ப்பே அதன் அபாயமும் ஆகும். டல்லஸ் நகரில் இரவு விடுதி நடத்திய ஜாக் ரூபி, விடுதி வசூல் பணத்தைக் கையோடு கொண்டுசெல்வதால் துப்பாக்கி வைத்திருப்பது வழக்கம் என்று கூறியவர். 1963 நவம்பர் 24-ஆம் நாள் போலீஸ் நிலையத்தின் அடித்தளத்தில், ஜனாதிபதி கென்னடியைக் கொன்றதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட ஆஸ்வால்டைப் போலீஸாரின் நடுவே அவர் சுட்டார். கையிலிருந்தது 'கோல்ட் கோப்ரா' என்னும் குறுங்குழல் சுழல்துப்பாக்கி. எந்த வழக்கு விசாரணையும் காணாமல் ஆஸ்வால்டு மாண்டார். நாடு அறிய விரும்பிய உண்மைகளும் அவரோடு போயின. தற்காப்புக்கென்று பையில் கிடந்த கருவிக்கு, எடுக்கும் மனம் எத்தகையது என்று வேறுபாடு தெரியாது.

போலீஸார் சுழல்துப்பாக்கியைக் கைவிட்டது இரத்தம் சிந்திய பின்னரே. 1967-இல் இல்லினாய் மாநிலப் போலீஸ் பிஸ்டலுக்கு மாறியது. மற்றவர்கள் பின்தொடர அவசரப்படவில்லை. 1970 ஏப்ரல் 6-ஆம் நாள் நள்ளிரவை ஒட்டி, கலிபோர்னியாவில் நியூஹால் என்னுமிடத்தில் நெடுஞ்சாலைக் காவலர் நால்வர் ஐந்து நிமிடத்துக்குள் கொல்லப்பட்டனர். அவர்களில் ஒருவர் தம் சுழல்துப்பாக்கி தீர்ந்துபோய், தோட்டாக்களை ஒவ்வொன்றாக மறுபடி நிரப்பிய வேளையில் சுடப்பட்டவர். 1986 ஏப்ரல் 11 அன்று மயாமியில் மத்திய புலனாய்வுத் துறையினர் எட்டுப் பேர் இரண்டு கொள்ளைக்காரரோடு மோதினர். அதிகாரிகளில் இருவர் மாண்டனர், ஐவர் காயமுற்றனர். கையில் குண்டு பாய்ந்த ஓர் அதிகாரியால் சுழல்துப்பாக்கியை மீண்டும் நிரப்ப முடியவில்லை. சுழல்துப்பாக்கியின் மீது தீர்ப்பு எழுதப்பட்டது அன்றுதான் என்பர். ஆனால் அன்றைய சண்டையை முடித்தது எதுவென்று கேட்டால் வேறொரு செய்தி கிடைக்கிறது. ஒரு கை சிதைந்த எட்மண்டோ மிரேலஸ் என்னும் அதிகாரி மற்றக் கையால் சுழல்துப்பாக்கியை நீட்டிச் சுட்டே அதை முடித்தார். ஒற்றைக் கையோடு நின்றவருக்கு அது ஒத்துழைத்தது. அதே ஒற்றைக் கையோடு நிரப்ப முயன்றவரை அது கைவிட்டது.

நியூயார்க் நகரப் போலீஸ் 1993-இல் பிஸ்டலை அனுமதித்தது. அப்போதும் அதன் விசை கனமாக இருக்க வேண்டுமென்று விதித்தார்கள். பிஸ்டலை வாங்கிச் சுழல்துப்பாக்கியின் குணத்தை அதில் புகுத்தினார்கள் என்று சொல்லலாம். பழகியவர்கள் பழையதை வைத்துக்கொள்ள இடமளிக்கப்பட்டது. கடைசிச் சுழல்துப்பாக்கிகள் 2018 ஆகஸ்டு முடிவில்தான் அங்கே பணியிலிருந்து நீங்கின.

பொதுமக்களின் கதை வேறு வழியில் சென்றது. 1987-இல் பிளாரிடா மாநிலம், தகுதியுள்ளவர் கேட்டால் மறைத்துச் செல்லும் உரிமத்தை மறுக்காமல் வழங்கும் சட்டத்தை இயற்றியது. மாநிலங்கள் பலவும் அவ்வழியைப் பின்பற்றின. 2022-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், 1911 முதல் நியூயார்க்கில் வழங்கிய கடுமையான உரிமச் சட்டத்தின் உயிர்நாடியான விதியைத் தள்ளுபடி செய்தது. மறைத்துச் செல்வோர் பெருகப் பெருகச் சிறிய பிஸ்டல்களும் பெருகின. 2018-இல் வந்த பிஸ்டலொன்று, ஐந்து தோட்டாச் சுழல்துப்பாக்கி அடங்கும் இடத்தில் பத்துத் தோட்டாவை அடக்கியது. அமெரிக்கர் பெரும்பாலோர் இன்று வாங்குவது பிஸ்டலே.

சுழல்துப்பாக்கியின் குறைகளை மறைப்பது நேர்மையன்று. கனமான விசையை இழுக்கையில் குறி விலகும், குழல் குட்டை, எடை குறைந்ததால் உதைப்பு கையை வருத்தும். அது அரிதாகவே பழுதுபடும். ஆனால் உருளை சிக்கிக்கொண்டால் பிஸ்டலைப்போல் நொடியில் சரிசெய்ய இயலாது. இவ்வளவையும் அறிந்தே இன்றும் சிலர் அதைத் தேர்கிறார்கள். அவர்கள் சொல்லும் காரணங்களில் நம் மனத்தில் தைப்பது ஒன்று. 2014 டிசம்பரில் ஐடஹோ மாநிலத்துக் கடை ஒன்றில், தாயின் கைப்பைக்குள் கையை விட்ட இரண்டு வயதுக் குழந்தை, அங்கிருந்த பிஸ்டலின் விசையைத் தொட்டு இழுத்தது. தாய் அவ்விடத்திலேயே மாண்டார். கனமான விசையும் பிடி நெம்புகோலும் குழந்தையின் விரலுக்கு எளிதில் இணங்காதவை. 1887-இல் செய்யப்பட்ட ஏற்பாட்டின் பயனை இதைக் கேட்ட பிறகு யாரும் எளிதாகத் தள்ளமாட்டார்கள். துப்பாக்கியே இல்லாத கைப்பை இன்னும் பத்திரமானது என்று நேயர்கள் நினைக்கக்கூடும். நமக்கும் அதுவே கருத்து.

நம் நாட்டில் இந்தத் தேர்வு தனி மனிதரின் கையில் அதிகம் இல்லை. 1878-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்கீழ் இந்தியருக்கு உரிமம் கட்டாயம். ஐரோப்பியருக்கோ அந்நாளில் விலக்கு இருந்தது. சுதந்திரத்துக்குப் பின் வந்த 1959-ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வேற்றுமைக்கு இடம் தரவில்லை; ஆயினும் 9 மி.மீ. போன்ற அளவுகள் பொதுமக்களுக்குத் தடைசெய்யப்பட்டன. ஆகவே உரிமம் பெற்றவர் வாங்குவது பெரும்பாலும் 0.32 அங்குல அளவே. கான்பூர் அரசுத் தொழிற்சாலையின் சுழல்துப்பாக்கிக்கு இடும் தோட்டா, ஸ்மித் அண்டு வெஸ்ஸன் 1896-இல் வகுத்த அளவினது.

2012 டிசம்பரில் தில்லியில் ஓர் இளம்பெண்ணுக்கு நேர்ந்த கொடுமை நாட்டையே உலுக்கியது. பத்திரிகைகள் அவருக்கு இட்ட 'நிர்பயா' என்ற பெயரை நினைவூட்டும்படி, கான்பூரில் 2014 ஜனவரியில் 'நிர்பீக்' என்ற துப்பாக்கி பெண்களுக்கென்று வெளியிடப்பட்டது. அதுவும் 0.32 அளவுச் சுழல்துப்பாக்கியே. பழகாத கைக்கு எளிய இயக்கமே ஏற்றதென்று அதைச் செய்தவர்களும் கருதினார்கள். டைட்டானியக் கலவையால் எடை 500 கிராமாகக் குறைக்கப்பட்டது. நகைப்பெட்டி போன்ற அரக்கு நிறப் பெட்டியில் வைத்து விற்றார்கள். விலை 1,22,360 ரூபாய். இரவில் பேருந்துக்குக் காத்து நிற்கும் பெண்களில் எத்தனை பேர் அவ்வளவு பணம் கொடுத்து, உரிமத்துக்காக அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கி அதைப் பெற முடியுமென்று பெண்கள் அமைப்பினர் அப்போதே கேட்டார்கள்.