வாசல்கூட்டியும் சட்டமும்: இலங்கைத் தோட்டம் முதல் கட்சால் வரை

நிக்கோபார்த் தீவுக்கூட்டத்தின் நடுப்பகுதியில், கமோர்ட்டா, நன்கவுரி ஆகிய தீவுகளுக்கு மேற்கே அமைந்தது கட்சால். நிக்கோபார்ப் பழங்குடியினரின் தாயகமாகிய இத்தீவில் தமிழர் குடியமர்ந்த வரலாறு, கடலோடிகளின் வரலாறோ வணிகரின் வரலாறோ அன்று. அது தோட்டத் தொழிலாளரின் வரலாறு. 1964 அக்டோபர் 30ஆம் நாள் கையெழுத்தான சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி, இலங்கை மலையகத்திலிருந்து 5,25,000 பேரை ஏற்றுக்கொள்ள இந்தியா இசைந்தது. அவ்வாறு வந்தோருள் ஒரு பகுதியினர் நீலகிரித் தேயிலைத் தோட்டங்களிலும், வேறு சிலர் கேரளத்தின் புனலூர்ப் பகுதியிலும் கருநாடகத்தின் சுள்ளியா, புத்தூர்ப் பகுதிகளிலும் உருவாக்கப்பட்ட ரப்பர்த் தோட்டங்களிலும் பணியமர்த்தப்பட்டனர். ஒரு சிறு தொகுதியினர் கட்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்திற்கு அனுப்பப்பெற்றனர்.

தாயகம் திரும்பியோரைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் குடியுரிமை, மறுவாழ்வு, கூலி ஆகியவற்றையே பொருளாகக் கொண்டுள்ளன. தோட்டத்தில் கொழுந்து பறித்தவரும் பால்வெட்டியவரும் அவ்வாய்வுகளில் இடம்பெறுகின்றனர். அவர்தம் குடியிருப்பைக் கூட்டி, கழிப்பறையைக் கழுவி, கழிவுக் கால்வாயை வாரியவர் இடம்பெறுவது அரிது. அவரைச் சட்டம் எவ்வாறு நோக்கியது, அவர்தம் உடல்நலத்திற்கு அதில் யாது இடம் இருந்தது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தோட்டத்துத் துப்புரவாளர்

இலங்கைத் தோட்டங்களில் தொழிலாளர் வாழ்ந்த வரிசை வீடுகள் 'லயம்' எனப்பட்டன. லயத்தின் முற்றம், வடிகால், கழிப்பறை ஆகியவற்றைத் தூய்மை செய்தவர் 'வாசல்கூட்டி' என்று அழைக்கப்பட்டார், பேச்சுவழக்கில் 'வாசக்கூட்டி'. இச்சொல்லின் அமைப்பு கருதத்தக்கது. வாசலைக் கூட்டுதல் என்பது தமிழர் இல்லங்களில் நாள்தோறும் நிகழும் மங்கலச் செயல். அதே தொடர் தோட்டத்தில் மலம் அள்ளும் பணியையும் உள்ளடக்கிய தொழிற்பெயராயிற்று. பணியின் கடுமையை இடக்கரடக்கலாக மூடும் இப்பெயர், பணியின் இடரையும் சேர்த்தே மூடிவிட்டது எனலாம். இப்பணிக்கு அமர்த்தப்பட்டோர் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதியினரே. தமிழகத்துத் 'தோட்டி'க்கும் மலையகத்து 'வாசல்கூட்டி'க்கும் சொல்லில் மட்டுமே வேறுபாடு. ஆலப்புழை நகரில் இத்தொழில் செய்த தமிழ்க் குடும்பமொன்றின் மூன்று தலைமுறையைத் தகழி சிவசங்கரப் பிள்ளை 1947இல் மலையாள நாவலாக்கினார். சுந்தர ராமசாமி அதனைத் தமிழாக்கினார். கடல் கடந்த தோட்டத்துத் துப்புரவாளருக்கு அத்தகைய இலக்கியப் பேறு வாய்க்கவில்லை.

தோட்டத் தொழிலாளரின் உடல்நலம் அரசின் கவனத்திற்கு வந்தமைக்கு முதன்மைக் காரணம் கொக்கிப்புழு நோயாகும். ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் பன்னாட்டு நல வாரியம் 1916ஆம் ஆண்டு இலங்கைத் தோட்டங்களில் இந்நோய் ஒழிப்புப் பணியைத் தொடங்கியது. கொக்கிப்புழுவின் முட்டை மலத்தின் வழியே மண்ணை அடைந்து, ஈர நிலத்தில் இளம்புழுவாகி, வெறுங்காலின் தோலைத் துளைத்து உடலுள் புகுகிறது. குடலில் தங்கிக் குருதியை உறிஞ்சிச் சோகையை உண்டாக்குகிறது. மருந்து கொடுப்பதுடன் கழிப்பறை கட்டுவதும் இந்நோயைத் தடுக்க இன்றியமையாதது. எனவே தோட்டங்களில் கழிப்பறைகள் பெருகின. வாளி வைத்ததாயினும் குழி வெட்டியதாயினும் கழிப்பறை பெருகியபோது அதனைத் தூய்மை செய்யும் ஆளும் வேண்டியவரானார். தொழிலாளர் அனைவரையும் நோயினின்று காத்த ஏற்பாடு, அதே நோய்க்கிருமி மிக்க இடத்தில் வெறுங்காலுடன் ஒருவரை நாள்தோறும் நிற்க வைத்தது. பொது நலத்திற்கான ஏற்பாட்டின் இடர் ஒருவர் தலையில் குவிந்த இந்நிலை பின்வந்த சட்டங்களிலும் தொடர்ந்தது.

மண்டபம் முகாமும் இவ்வரலாற்றில் ஓர் இணைப்புக் கண்ணி. இலங்கை அரசு இந்திய மண்ணில் நடத்திய இம்முகாமில், தோட்டத்திற்குச் செல்வோர் தொற்றுநோய் அச்சத்தால் தடுத்து வைக்கப்பட்டுச் சோதிக்கப்பட்டனர். அரை நூற்றாண்டு கடந்து, அவர்தம் பெயரர் தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கியபோது, பதிவு செய்து பிரித்தனுப்பிய இடமும் அதே மண்டபமாக அமைந்தது. நோய் சுமப்போர் என்று ஐயுற்று நிறுத்தப்பட்ட இடத்திலேயே அகதிகள் என்று மீண்டும் நிறுத்தப்பட்டனர்.

கட்சாலில் இரு சட்டங்களின் எல்லை

கட்சாலில் ரப்பர்ப் பயிர் 1960களில் ஆய்வு மற்றும் வளர்ச்சித் திட்டமாகத் தொடங்கப்பெற்றது. பின்னர் அது, 1977இல் நிறுவப்பட்ட அந்தமான் நிக்கோபார்த் தீவுகள் வனம் மற்றும் தோட்ட வளர்ச்சிக் கழகத்தின் பொறுப்பில் வந்தது. தோட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 600 ஹெக்டேர். இங்குப் பணிபுரிந்தோருக்குரிய முதன்மைச் சட்டம் 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம்.

அச்சட்டத்தின் 9ஆம் பிரிவு, ஆடவர்க்கும் மகளிர்க்கும் தனித்தனியே போதிய கழிப்பறைகள் அமைக்கப்பட வேண்டும் என்றும், அவை தூய்மையாகவும் சுகாதாரமாகவும் பேணப்பட வேண்டும் என்றும் விதித்தது. 'பேணப்பட வேண்டும்' என்னும் செயப்பாட்டு வினையில் செய்வோர் மறைந்துவிடுகிறார். 10ஆம் பிரிவு மருத்துவ வசதியையும் 15ஆம் பிரிவு வீட்டு வசதியையும் பேசின. 17ஆம் பிரிவு குடை, கம்பளி, மழைச்சட்டை ஆகியவற்றைக் குறித்தது. மழையையும் குளிரையும் பணியிடர் என்று கண்ட சட்டம், மலக்குழியை அவ்வாறு காணவில்லை. கையுறை, காலணி என்னும் சொற்கள் அதில் இல்லை.

ரப்பர்ப் பாலை உறையவைத்துத் தகடாக்கும் ஆலை தொழிற்சாலை என்ற வரையறைக்குள் வருமாயின், அது தோட்டச் சட்டத்தினின்று விலகி 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின்கீழ் அமையும். அதாவது, காலையில் குடியிருப்பின் கழிப்பறையைக் கழுவியவர் ஒரு சட்டத்தின் கீழும், பிற்பகலில் ஆலையின் தொட்டியைத் தேய்த்தபோது வேறொரு சட்டத்தின் கீழும் நின்றார். ஆலையில் அவர் எதிர்கொள்ளும் பொருள்களும் வேறு. பாலை உறையவைப்பது பார்மிக் அமிலம். அது தோலைச் சுடும், அதன் ஆவி கண்ணையும் மூச்சுக்குழலையும் எரிக்கும். பாலைக் கெடாது வைக்க அம்மோனியா. உறைந்த பின் வடியும் நீர் புரதமும் சர்க்கரையும் கலந்தது. தொட்டியில் தேங்கினால் புளித்து நச்சுவாயுவை வெளியிடும்.

தொழிற்சாலைச் சட்டத்தின் 19ஆம் பிரிவு ஒரு வகையில் தனித்தன்மை உடையது. கழிப்பறை, சிறுநீர்ப்பிறை, கழுவுமிடம் ஆகியவற்றைத் தூய்மையாக வைப்பதையே முதற்கடமையாகக் கொண்ட துப்புரவாளர்கள் அமர்த்தப்பட வேண்டும் என்று அப்பிரிவு கூறிற்று. இங்கே செய்வோர் மறையவில்லை, பெயர் சுட்டப்படுகிறார். ஆயினும் எவ்வடிவில்? விசிறியும் விளக்கும் குடிநீர்த் தொட்டியும் போல, பிற தொழிலாளருக்கு நிருவாகம் வழங்க வேண்டிய வசதிகளுள் ஒன்றாகவே சுட்டப்படுகிறார்.

36ஆம் பிரிவு அறிந்திருந்தது

அதே சட்டத்தின் 36ஆம் பிரிவை இதனோடு வைத்து நோக்குதல் வேண்டும். ஆபத்தான புகையோ வாயுவோ இருக்கக்கூடிய அறை, தொட்டி, குழி, குழாய் முதலிய அடைபட்ட இடங்களில் ஒருவர் இறங்குவதற்கான நெறியை அது வகுத்தது. வெளியேறப் போதிய அளவுள்ள ஆள்நுழைவாய் இருத்தல் வேண்டும். இறங்குமுன் தகுதி வாய்ந்த ஒருவர் தாமே சோதித்து, அவ்விடம் தீங்கற்றது என எழுத்தில் சான்று தருதல் வேண்டும். இன்றேல் இறங்குபவர் மூச்சுக்கருவி அணிந்து, இடைவாரில் கயிறு பிணைத்து, அக்கயிற்றின் மறுமுனையை வெளியே நிற்பவர் பற்றியிருத்தல் வேண்டும்.

1948இலேயே இவ்வறிவு சட்டமாகியிருந்தது என்பதே இங்கு முதன்மையானது. கழிவுநீர்க் குழியில் உயிரைப் பறிக்கும் ஹைட்ரஜன் சல்பைடு சிறிதளவில் அழுகிய முட்டை நாற்றம் தரும். செறிவு பத்து இலட்சத்தில் நூறு பங்கை நெருங்கினால் மூக்கின் உணர்வே மரத்துவிடும். நாற்றம் நீங்கிற்று என்று எண்ணி இறங்குபவர் அடுத்த படியில் வீழ்வார். காற்றினும் கனமான வாயுவாதலின் குழியின் அடியிலேயே தங்கும். வீழ்ந்தவரைத் தூக்க இறங்குபவரும் வீழ்வார். ஒரே குழியில் இருவர், மூவர் என மாண்ட செய்திகள் தமிழக நாளிதழ்களில் மீண்டும் மீண்டும் இடம்பெற்றமைக்கு இதுவே காரணம். கயிற்றின் மறுமுனையை வெளியே நிற்பவர் பற்றியிருக்க வேண்டும் என்னும் விதி இவ்வியல்பை அறிந்தே எழுதப்பட்டது. ஆனால் அவ்விதி தொழிற்சாலையின் மதிலைத் தாண்டவில்லை. தெருச் சாக்கடையும், வீட்டு மலக்குழியும், தோட்டக் குடியிருப்பின் கழிவுத் தொட்டியும் 'தொழிற்சாலை' அல்ல. இறங்கும் மனிதரின் நுரையீரலுக்கு இவ்வேறுபாடு தெரியாது.

மதிலுக்கு வெளியே அவ்விதி வர 65 ஆண்டுகள் ஆயின. 1993ஆம் ஆண்டுச் சட்டம் உலர் கழிப்பறை கட்டுவதையும் கையால் மலம் அள்ள ஆள் அமர்த்துவதையும் தடைசெய்தது. சாக்கடையில் இறங்குவதைப் பற்றி அதில் தெளிவில்லை. 2008இல் சென்னை உயர் நீதிமன்றம் கழிவுநீர்ச் சாக்கடையில் மனிதர் இறங்குவதற்குத் தடை விதித்தது. 2013 டிசம்பர் 6ஆம் நாள் நடைமுறைக்கு வந்த சட்டத்தின் 7ஆம் பிரிவே சாக்கடை, மலக்குழி ஆகியவற்றின் 'இடர்மிகு தூய்மைப் பணி'யை நாடு முழுதும் குற்றமாக்கியது. ஆயினும் பாதுகாப்புக் கருவிகள் இன்றிச் செய்யும் பணியையே அச்சட்டம் இடர்மிகு பணி என வரையறுத்தமையால், கருவியோடு இறக்குவது குற்றமன்று என்னும் இடுக்கு எஞ்சியது. 2014 மார்ச் 27ஆம் நாள் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம், 1993 முதல் இவ்வாறு மாண்ட ஒவ்வொருவர் குடும்பத்திற்கும் 10 இலட்சம் ரூபாய் வழங்கப் பணித்தது. 2023 அக்டோபர் 20ஆம் நாள் தீர்ப்பு அதனை 30 இலட்சமாக உயர்த்தியது. தமிழக அரசு 'துப்புரவு'ப் பணியாளரைத் 'தூய்மை'ப் பணியாளர் எனப் பெயர் மாற்றியதும் இக்காலப் பகுதியிலேயே. வாசல்கூட்டி என்னும் பெயரின் வரலாற்றை அறிந்தோர் பெயர்மாற்றத்தின் பயனை அளவோடே மதிப்பர்.

ஆழிப்பேரலைக்குப் பின்

2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலையில் மிகக் கடுமையாகச் சிதைந்த தீவுகளுள் கட்சாலும் ஒன்று. 2001 கணக்கெடுப்பில் 5,312 ஆக இருந்த அதன் மக்கள்தொகை 2011இல் 2,685 ஆயிற்று. பேரழிவுக் காலத்தில் துப்புரவு என்பது நாள்தோறும் நிகழும் பணியாக அன்றி உயிர்காக்கும் பணியாகிறது. அதே நாள்களில் நாகப்பட்டினத்தில் உடல்களை மீட்டுப் புதைக்கப் பிற நகராட்சிகளிலிருந்து துப்புரவுத் தொழிலாளர் கொண்டுவரப்பட்டனர். அவர்களுள் பலர் போதிய கையுறையும் காலணியும் இன்றிப் பணிசெய்ததை அக்காலச் செய்தியறிக்கைகள் பதிவு செய்துள்ளன. மேலே கண்ட சட்டங்கள் எவையும் அவர்களை நோக்கி எழுதப்பட்டவை அல்ல.

தோட்டச் சட்டத்தில் 'பாதுகாப்பு' என்னும் தலைப்பில் ஓர் இயல் சேர்ந்தது 2010ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான். சட்டம் பிறந்து 59 ஆண்டுகளுக்குப் பின். பூச்சிக்கொல்லி, இரசாயனங்கள், நச்சுப்பொருள்கள் ஆகியவற்றைக் கையாள்வோர்க்குப் பயிற்சி, காலமுறை மருத்துவச் சோதனை, பாதுகாப்பு உடை, குளியல் வசதி ஆகியவற்றை அவ்வியல் விதித்தது. மருந்து தெளிப்போரை மனத்திற்கொண்டு எழுதப்பட்டதாயினும் 'இரசாயனங்கள்' என்னும் சொல் விரிவானது. கழிப்பறைக்கு இடும் பிளீச்சிங் பவுடரும் ஆசிட்டும் இரசாயனங்களே. இரண்டும் ஒருங்கு கலந்தால் குளோரின் வாயு வெளிப்படும். நேரிய பொருள்கோளின்படி துப்புரவாளரும் அவ்வியலுக்கு உரியவராவார். அவ்வாறு பொருள்கொள்ளும் வாய்ப்புக் கட்சாலில் நீடிக்கவில்லை. 2017 ஆகஸ்ட் 16ஆம் நாள் மத்திய அமைச்சரவை, தோட்ட வளர்ச்சிக் கழகத்தை மூட ஒப்புதல் அளித்தது.

இம்முடிவின் விளைவு பிற தோட்டங்களினும் கட்சாலில் வேறானது. 1956ஆம் ஆண்டுப் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறை, நிக்கோபார்த் தீவுகளில் பழங்குடியினர் அல்லாதார் நிலம் பெறுவதைத் தடுக்கிறது. அத்தீவுகளின் மக்களைக் காக்கும் அவ்விதி நியாயமானது. அதன் தேவையை மறுக்க இயலாது. ஆனால் அரசே கொண்டுவந்து குடியமர்த்திய தொழிலாளிக்குச் சொந்த மனை என்பது அங்கு இல்லை. தோட்டக் குடியிருப்பே அவர் வீடு. தோட்டக் கழிப்பறையே அவர் வீட்டுக் கழிப்பறை. கூட்டுபவரை அமர்த்தும் பொறுப்பும், கிணற்றுக்கும் வடிகாலுக்கும் மருந்திடும் பொறுப்பும் நிருவாகத்தினுடையவை. 1951ஆம் ஆண்டுச் சட்டமும் 1948ஆம் ஆண்டுச் சட்டமும், 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த பணிப்பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துள் அடங்கிவிட்டன. 9ஆம் பிரிவு தூய்மையின் கடமையை 'வேலையளிப்பவர்' மீது சுமத்தியிருந்தது. வேலையளிப்பவர் விலகிய பின்னும் தொழிலாளர் அதே வரிசை வீடுகளில் வாழ்ந்துகொண்டிருப்பராயின், அக்கடமை யாரைச் சாரும் என்பதற்கு அச்சட்டத்தில் விடை இருந்ததில்லை.